வணக்கம் போட்ட பிறகு

பன்னிரண்டாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் திங்கட்கிழமை என்றால் வேலாமணிதான். கூடையை முதுகில் மாட்டி, ரப்பர் ஷீட்டை இடுப்பில் இறுக்கி, முதல் பிடிக் கொழுந்தைப் பின்பக்கம் எறிந்த பிறகுதான் அவள் வாயைத் திறப்பாள். அதற்கு முன்னால் யார் என்ன கெஞ்சினாலும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் பார்த்துவிட்டு வந்த படம் அப்போதுதான் ஓடத் தொடங்கும். சொல்கிறவளுக்குக் கை பாதி வேகத்தில்தான் ஓடும் என்பதால், இந்தப் பக்கத்து நிரையிலிருந்து ஒருத்தி, அந்தப் பக்கத்து நிரையிலிருந்து ஒருத்தி என்று ஆளுக்கு ஒரு பிடி அவள் கூடையில் போட்டுக்கொண்டே வருவார்கள். அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள், கதைக் கொழுந்து என்று. மேஸ்திரி வெள்ளியங்கிரிக்கு இது தெரியாமல் இல்லை. மற்ற நாட்களில் ஒரு நிரைக்கு அப்பால் நின்று கத்துகிறவர், திங்கட்கிழமை மட்டும் குடையை விரித்துக்கொண்டு வேலாமணிக்குப் பின்னாலேயே நின்று, வேறு எங்கோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவளுக்குப் பிடிக்காத படத்தைத்தான் பெண்கள் ஆசையாகக் கேட்பார்கள். ஊட்டிக்கு வந்து எடுத்த காதல் படம் ஒன்றில், கதாநாயகி பட்டுப் பாவாடையோடு தேயிலைக்குள் ஓடி வந்து ஒற்றைக் கையால் நாலு இலையைப் பிய்த்துக் கூடையில் போட்டாளாம். "பறிச்சது பூராம் முத்தல் எலைங்க. நம்ம மேஸ்திரியா இருந்தா கூடையோட கவுத்துக் கொட்டியிருப்பாரு. வெரல்ல ஒரு கறை இல்ல. அவளப் போயித் தோட்டத்துக்காரப் புள்ளைன்னு நம்போணுமா நாம?" பின்னால் நின்ற மேஸ்திரி இருமினார். இன்னொரு படத்தில் பேய் வரும்போதெல்லாம் மலைமேல் மேகம் இறங்கியதாம். "அப்பிடிப் பாத்தா நம்ம லைனுல தெனமும் பேயோடதான் குடித்தனம் பண்றோம். பேயிக்கு ரேஷன் கார்டு வாங்காததுதான் பாக்கி." பிடித்த படம் என்றால் அவள் குரல் இறங்கிவிடும். அக்கா தங்கை இருவர் நிலத்துக்காகப் பேச்சை நிறுத்தி, இருபது வருஷம் ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்துகிற படம் ஒன்று வந்தது. கடைசியில் அக்கா தன் குடத்தை நிரப்பி எடுத்த பிறகு, இன்னொரு வாளி இழுத்து வைத்துவிட்டுப் போவாள். அந்த வாளியை மட்டும் வேலாமணி ஒரு நாள் முழுக்கச் சொன்னாள். மறு ஞாயிறு லைன் வீடுகள் எல்லாம் பூட்டியே கிடந்தன.

ஆக, வேலாமணி சொன்னால் சொன்னதுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவள், இருபத்திரண்டு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவள், ஃபேக்டரியில் வேலை பார்க்கும் புருஷன் ஞாயிறு முழுக்கத் தூங்குவதால் படத்துக்குத் தனியாகவே பஸ் ஏறுகிறவள். ஆனால் நல்ல படம் எது, ஏமாற்றுப் படம் எது என்ற விஷயத்தில் அவளை மிஞ்ச அந்த எஸ்டேட்டில் ஆள் கிடையாது. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது.

ஐப்பசி மழைக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மத்தியான ஆட்டத்துக்குப் போனாள். லாரி ஓட்டுகிற ஒருவனும் அவன் பெண்டாட்டியும், அவ்வளவுதான் படம். மலைச் சரிவில் ஓர் ஓட்டு வீடு. கல்யாணம், சண்டை, சமாதானம் என்று இடைவேளை வரை சாதாரணமாகத்தான் போனது. இடைவேளைக்குப் பிறகு சட்டென்று லாரி பள்ளத்தில் விழுந்துவிட்டது. நீலச் சட்டையோடு அவனைப் பாயில் சுற்றித் தூக்கி வந்தார்கள். பெண்டாட்டி அழவே இல்லை. அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். திரையில் வணக்கம் என்று போட்டார்கள். ஜனங்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து போனார்கள். வேலாமணியால் எழுந்திருக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே கிடந்தாள். பெண்கள் பக்கம் அவளையும் சேர்த்து மூன்று பேர், ஆண்கள் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் மிச்சம். வாசலில் யாரோ தியேட்டர்காரனோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து விளக்கு மறுபடி அணைந்தது.

செத்துப்போனவன் வந்தான். அதே நீலச் சட்டை. ஒரு கையில் பரங்கிக்காய், இன்னொரு கையில் செருப்பு. மழையில் நனைந்த சரிவில் வழுக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கி வந்தான். புகை இல்லை, வெள்ளைத் துணி இல்லை, பின்னால் ஒரு சங்கீதம்கூட இல்லை. பெண்டாட்டி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அரைத்தாள். அவனே தொட்டியில் முகம் கழுவி, அவனே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றான். அவள் எழுந்திருக்காமல் முழங்கையால் உப்புச் சட்டியைக் காட்டினாள். அவன் போட்டுக்கொண்டு சாப்பிட்டான். கை கழுவினான். அதோடு திரை வெளுத்துவிட்டது. இந்தத் தடவை வணக்கம் போடவில்லை.

வேலாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. இதுவரை பார்த்ததெல்லாம் ஒரு படமா என்று தோன்றியது. வணக்கம் போட்ட பிறகு செத்தவனை வீட்டுக்கு வரவைக்கிற தைரியம் யாருக்கு வரும்? அவசரக்காரர்கள் எல்லாம் எழுந்து போன பிறகு, அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மட்டும் காட்டுகிற முடிவு அது. அவன் வந்த பிறகு எதற்கு இன்னொரு வணக்கம்? பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெலிங்டன் தாண்டும் வரை கையைக் கூப்பியபடியே இருந்தாள். யாரைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை அவள் அதைச் சொன்னபோது கையே ஓடவில்லை. பெண்களுக்கும் ஓடவில்லை. "செத்தவங்க திரும்பி வந்தா அப்பிடித்தானுங்க வருவாங்க. கை கால் கழுவீட்டுச் சோத்துக்கு ஒக்காருவாங்க. வேறெதுக்கு வரப்போறாங்க?" என்று அவள் முடித்தாள். மேஸ்திரி குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டு நின்றார்.

மூன்றாவது நிரையில் இசக்கியம்மா நின்றிருந்தாள். சிலோனிலிருந்து கப்பலில் வந்த குடும்பம். புருஷன் சுடலைமுத்து செடி வெட்டும் கவ்வாத்து வேலையில் இருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஐப்பசியில் பதினாலாம் நம்பர் காட்டில் மண் சரிந்து அவரை மூடிவிட்டது. அன்றிலிருந்து இசக்கியம்மா படத்துக்கு வந்தது கிடையாது. கதை நடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு மற்றவர்களைவிட வேகமாகப் பறிப்பாள். ஒரு தடவைகூட கதைக் கொழுந்து போட்டதில்லை. யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதும் இல்லை. அன்று எடை போடுகிற இடத்தில் அவள் வேலாமணிக்குப் பின்னால் வந்து, இரண்டு கையாலும் அள்ளி ஒரு குவியல் கொழுந்தை அவள் கூடையில் போட்டாள்.

"அந்தாளு உப்பு கம்மின்னு வாயத் தொறந்து சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சொன்னாருங்கக்கா. என் ரெண்டு காதால கேட்டனுங்க."

"கோவமா சொன்னாரா?"

வேலாமணி யோசித்தாள். "இல்லீங்க. சும்மா, ஊட்டுல சொல்றாப்பலதான்."

"அடுத்த ஞாயித்துக்கெழம நீ மறுபடி போவியா? போனா நானும் வாரேன்."

அந்த வாரம் வேலாமணிக்குத் தரையில் கால் பாவவில்லை. சாமி பார்த்துத் தன் மூலமாக ஒரு காரியம் நடத்துகிறது என்றுகூட நினைத்துக்கொண்டாள். புதன்கிழமை அது உடைந்தது. பக்கத்து நிரைக் கருப்பம்மாள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள், பறித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "ஏம்புள்ள வேலாமணி, எங்க தம்பி அழகர்சாமி கோத்தகிரியில அதே படத்தக் காலையில பாத்துப்போட்டு வந்தான். லாரிக்காரன் செத்ததோட முடிஞ்சுதாமா. அவன் கையக் காலக் கழுவீட்டுச் சோறு தின்னது முன்னாடியே வந்துருமாமா. நீ பாட்டுக்குச் செத்தவனுக்கு எலை போட்டுட்ட." எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வேலாமணிக்குக் காது சுட்டது. பொய் சொன்னாள் என்று அவளை அதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் மூன்றாவது நிரையிலிருந்து இசக்கியம்மா பேசினாள்.

"உங்க தம்பி பாதியில எழும்பி வந்திருப்பாரு. இவ கடைசி வரைக்கும் இருந்து பாத்தா."

அந்த ஒரு பேச்சு வேலாமணியின் நெஞ்சில் கல்லாக இறங்கியது. சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இந்த மனுஷி நம்பிவிட்டாளே என்றுதான் அவளுக்கு இருந்தது.

சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் குன்னூருக்குப் போய்த் தியேட்டரின் பின்பக்கப் படியில் ஏறினாள். ஆபரேட்டர் ஜஸ்டஸ் அவளை முகம் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார். ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்ட, மெலிந்த மனிதர். கேட்டதும் சிரித்துவிட்டார்.

"அதுவாக்கா? ஒரே படத்த ரெண்டு ஊர்ல ஓட்டுறோம். காலைல கோத்தகிரியில முடிஞ்சு, நாலு ஃபிலிம் பெட்டியும் பஸ்ஸுல இங்க வரணும். அன்னைக்குக் கட்டபெட்டுல காரட் மூட்டை எறக்குனவங்க மூணாவது பெட்டியவும் சேத்து எறக்கிட்டாங்க. இருக்கிறத ஓட்டுன்னு மொதலாளி சொன்னாரு, நாலாவத ஓட்டிட்டேன். அந்தப் பெட்டிய ஒரு கொழுந்து லாரிக்காரன் கொண்டுவந்து குடுத்தப்ப படமே முடிஞ்சிருச்சு. ஒரு பெட்டிய முழுங்கிட்டீங்கன்னு வாசல்ல நாலு பேரு சண்டைக்கு நின்னாங்க. சரின்னு அதையும் ஓட்டுனேன்."

காரட் மூட்டை. வேலாமணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரம் அவள் கையெடுத்துக் கும்பிட்ட தைரியம் கட்டபெட்டு பஸ் ஸ்டாண்டில் காரட்டோடு இறங்கியிருக்கிறது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. உள்ளே சுவரோரம் நாலு தகரப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மூன்று என்று சாக்பீஸில் எழுதியிருந்ததை ஜஸ்டஸ் காட்டினார். அவள் எழுந்து போய் அதன் மூடியில் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. இதற்குள் சுருண்டுகொண்டா இருக்கிறான் அந்த மனுஷன், பரங்கிக்காயும் செருப்புமாக? சங்கதி இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகும் அந்த மலைப்பு அவளை விடுவதாக இல்லை.

"நாளைக்கும் அப்பிடியே மாத்திப் போடுங்களேன். ஒரே ஒரு ஆட்டத்துக்குப் போதுமுங்க."

ஜஸ்டஸ் பதறிவிட்டார். "வேலைக்கு உலை வைக்காதீங்கக்கா. அன்னைக்குப் போட்டதுக்கே மொதலாளி பிடிபிடின்னு பிடிச்சிட்டாரு."

சாயங்காலம் நேராக இசக்கியம்மாவின் வீட்டுக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிடுவது, வேண்டாம் அக்கா, அந்தப் படம் வேண்டாம் என்று தடுத்துவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள். இசக்கியம்மா அடுப்புக்கு முன்னால் ஓர் ஆம்பிளை மஃப்ளரை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குத் தியேட்டரில் குளிருமே, கட்டிக்கொள்ள.

"அன்னைக்குக் காலையில நான் ஆக்குன சோத்தத்தான் அவரு தின்னுட்டுப் போனாரு," என்று அவள் மஃப்ளரைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள். "பகலைக்கு நான் என்னோடத எடுத்து வாயில வைக்கிறேன், ஒரு பொட்டு உப்பு இல்ல. போடவே மறந்திருக்கேன். அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லாம தின்னுட்டுக் கெளம்பியிருக்காரு. சாயங்காலம் வந்தோன்ன கேக்கலாம்னு வச்சிருந்தேன். ஏன் சொல்லலன்னு."

வேலாமணி அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, சர்க்கரை போதும் அக்கா என்று சொல்லிவிட்டு வந்தாள். ராத்திரி புரண்டு புரண்டு படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம். கருப்பம்மாளும் இன்னும் நாலு பேரும் பின் பெஞ்சில், வேலாமணி மாட்டிக்கொள்வதைப் பார்ப்பதற்காகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாலு பெட்டியும் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தன. இடைவேளை முடிந்ததும் அவன் சரிவில் இறங்கி வந்தான். இசக்கியம்மா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "இவருதானா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்று வேலாமணி தலையாட்டினாள். உப்பு கம்மி என்று அவன் சொன்னான். இசக்கியம்மாவின் முகத்தைப் பார்க்க வேலாமணிக்குத் தைரியம் வரவில்லை. அப்புறம் லாரி, பள்ளம், பாய். அம்மிக்குப் பக்கத்தில் பெண்டாட்டி. வணக்கம்.

விளக்கு எரிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். கருப்பம்மாள் ஏதோ சொல்ல வந்தவள், இசக்கியம்மாவைப் பார்த்துவிட்டு, மற்ற பெண்களையும் இழுத்துக்கொண்டு வெளியே போனாள். இசக்கியம்மா எழுந்திருக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரு. நீ சொன்னியே, எல்லாரும் போன பொறகுதான் வருவாருன்னு."

வேலாமணிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கட்டபெட்டு, காரட் மூட்டை, மூணாவது பெட்டி, நேற்றே தெரியும் என்பது வரைக்கும். "நான் பொய் சொல்லலீங்கக்கா. அன்னைக்கு நான் பாத்தது அப்பிடித்தானுங்க இருந்துது. நேத்து ஒங்க ஊட்டுக்குச் சொல்லத்தான் வந்தேன். வாய் வரல. என்ன வேணும்னாலும் பேசிருங்க." அவளுக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின. திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது. தியேட்டரைக் கூட்டுகிறவன் பெஞ்சுகளுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுக்கொண்டு அவர்கள் காலடி வரைக்கும் வந்து, சுற்றிக்கொண்டு போனான்.

இசக்கியம்மா மஃப்ளரை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டாள்.

"அடுத்த ஆட்டம் எப்ப?"

"ஆறு மணிக்குங்க."

"அதிலயும் மூணாவது பெட்டி இருக்குமில்ல?"

"இருக்குமுங்க."

"அப்ப அந்த நாலாவது பெட்டி நமக்கு எதுக்கு?" என்றாள் இசக்கியம்மா.

வேலாமணி அவளையே பார்த்தாள். எத்தனை வருஷம், எத்தனை படம் பார்த்திருக்கிறாள். பிடிக்காத படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறாள், பிடித்ததைத் தலையில் தூக்கி வைத்திருக்கிறாள். பாதியில் எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு எரிச்சல் வரும். படம் எங்கே முடிய வேண்டும் என்று பார்க்கிறவள் சொல்லலாம் என்பது அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு படத்துக்கு வந்த இந்த மனுஷிக்குத் தோன்றிவிட்டது.

வெளியே வந்து டீயும் வருக்கியும் சாப்பிட்டார்கள். மறுபடி டிக்கெட் எடுத்து, அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். மழை விட்டு மேகம் இறங்கியிருந்தது. பக்கக் கதவு வழியாக அது உள்ளேயும் வந்து, மேலேயிருந்து பாய்கிற வெளிச்சத்துக்குள் மெல்லப் புகுந்து புகுந்து போனது. கல்யாணம் நடந்தது. சண்டை நடந்தது. இடைவேளையில் வேலாமணி திரும்பிப் பார்த்தபோது ஆபரேட்டர் ரூம் ஓட்டையில் ஜஸ்டஸின் முகம் தெரிந்தது. கடைசி பஸ் எட்டு மணிக்கு.

விளக்கு அணைந்ததும் அவன் வந்தான். மேகத்துக்குள்ளிருந்து வருவது போல, முதலில் நீலச் சட்டை, பிறகு பரங்கிக்காய், பிறகு முகம். பார்த்துப் பார்த்துக் காலை வைத்தான். முகம் கழுவினான், தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு வாய் வைத்தான்.

"உப்பு கம்மி."

"ஆமா," என்றாள் இசக்கியம்மா. முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் கவனிக்கவில்லை. "மறந்துட்டேன். போட்டுக்கிருங்க."

அவன் உப்புச் சட்டிக்குள் கையை விட்டான். மூன்று விரலால் எடுத்துச் சோற்றில் தூவிப் பிசைந்தான். இசக்கியம்மா முழங்கால்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அவன் ஒவ்வொரு வாயாக எடுப்பதைத் தட்டு காலியாகும் வரை பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் தோளைத் தொட வேலாமணி நீட்டிய கை நடுவிலேயே நின்றுவிட்டது. அவன் எழுந்து தொட்டிக்குப் போய்க் கை கழுவினான். தண்ணீர் விழுகிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது.